முட்டாள் மிஷினுக்கு ஆள் தேவை

தமிழ்நாட்டிலேயே தலைசிறந்த மிஷின் நான்தான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. உடம்பில் ஒரு பொட்டு இரும்பு இல்லை, பாட்டரி இல்லை, இடது முழங்காலில் மட்டும் கொஞ்சம் துரு. பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

என் சர்வீஸ் முழுவதும் நான் காப்பாற்றிய கொள்கை ஒன்றே ஒன்று. சொன்னதைச் செய்வேன், சொல்லாததைச் செய்யமாட்டேன். "கோமதி, இந்தக் கோப்பை என் மேஜையில வை" என்றார் ஒரு மேலதிகாரி. வைத்தேன். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தார், போனார். மேஜையைக் கரையான் தின்றது. கோப்பை எடு என்று யாரும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. இதற்காக என்மீது நடவடிக்கை எடுக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். நான் செய்த குற்றம் இன்னது என்று ஒருவராலும் எழுத முடியவில்லை.

இந்த மாபெரும் திறமை ஓய்வுக்குப் பிறகு வீணாகிக்கொண்டிருந்தபோதுதான் ஜெபக்கனி டீச்சரின் தொட்டி நிரம்பியது.

ஜெபக்கனி எங்கள் தெருவில் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்று காலை அவள் வாசலில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். "அண்ணாச்சி, இந்தக் குழாயைத் தூக்கித் தொட்டிக்குள்ள போட்டுத் தொறந்துவிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். போட்டேன். திறந்தேன். தொட்டி நிரம்பியது. வழிந்தது. முற்றம் குளமானது, தெரு ஆறானது. அன்று மட்டும் தாமிரபரணியில் ஒரு சாண் தண்ணீர் கூடியதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே, இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அமைதியாக நின்றேன்.

வெளியே வந்தவள் அலறினாள். "அண்ணாச்சி! அடைக்கக் கூடாதா?"

"தொறக்கத்தான சொன்னிய? அடைக்கச் சொல்லலையே."

திட்டப்போகிறாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அவள் என்னையே பார்த்தாள். கோயில் விக்கிரகத்தைப் பார்ப்பது போன்ற பார்வை.

"இவ்வளவு நாளும் உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி," என்றாள்.

இங்கே ஊகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இதைப் படிக்கும் காலத்தில் அது எங்கே, எந்த உருவத்தில் இருக்கிறதோ தெரியாது. எங்கள் காலத்தில் அது சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. குழந்தை பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுவார்கள். கண் எங்கே போகிறது, மூச்சு எப்படி ஏறுகிறது என்று பார்த்து, நமக்கு என்ன வேண்டும் என்பதை நமக்கு முன்பே ஊகித்து, ஏற்பாடு செய்துவிடும். தாகம் எடுப்பதற்குள் தண்ணீர் வரும். நாம் ஆரம்பிக்கும் வாக்கியத்தை நம் குரலிலேயே முடித்துவைக்கும். எங்கள் ஊர்க் கணவன் மனைவி சண்டைகள்கூடப் பாதியில் நின்று, மீதியை இரண்டு பொத்தான்களும் பேசித் தீர்த்துக்கொண்டன. சுகமோ சுகம். என்னைப் போன்ற கிழங்களுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. எனக்கு மாட்டிய ஊகி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஊகிக்க முடியாமல் ஒரே வாரத்தில் புகைந்து போனது. சத்தியம்.

"பிள்ளைகளுக்குக் கட்டளை சொல்லப் பழக்கணும்," என்றாள் ஜெபக்கனி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே. "ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, இடையில எதுவும் விட்டுப்போகாம. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவாங்கல்லா, அந்த மூளை வேணும்."

"அப்ப ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போடு."

"எந்தக் கம்ப்யூட்டர் அண்ணாச்சி? இப்ப உள்ளது பூராவும் புத்திசாலி. பிள்ளை தப்பாச் சொன்னாலும் அது சரியாச் செஞ்சிருது. அப்புறம் தான் சொன்னது தப்புன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எனக்குத் திரையே வேண்டாம். சொன்னதை மட்டும் செய்யுத ஒரு முட்டாள் மிஷின் வேணும். உலகத்துல அப்படி ஒண்ணுகூட மிச்சமில்லை."

"நான் இருக்கேன்," என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முப்பது வருஷ சேவையை முதன்முதலாக ஒருத்தி புரிந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "இங்க ஒரு தேங்கா உடைக்கச் சொன்னா காது கேக்காது. அங்க போயி மிஷினாக்கும்?" என்றாள் என் மனைவி. சில மேதைகளுக்கு வீட்டில் மரியாதை இருப்பதில்லை.

பள்ளிக்கூடங்களில் தினம் ஒரு மணி நேரம் ஊகியைக் கழற்றிவைக்கச் சிறார் ஒத்திசைவு ஆணையம் அனுமதித்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, பிறகு வருகிறேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பொத்தான்களை ஒரு பழைய ஊறுகாய் ஜாடிக்குள் போடுவார்கள். முற்றத்தில் பாண்டி விளையாட்டு மாதிரி சுண்ணாம்பில் கட்டம் போட்டிருக்கும். நடுவில் நான், கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை உருட்டிக்கொண்டு.

"இவருதான் மிஷினு," என்று அறிமுகம் செய்தாள் ஜெபக்கனி. "நீங்க சொன்னா செய்வாரு. சொல்லலைன்னா நிப்பாரு."

முதல் நாள் முதலாவதாக வந்தவள் ஆவுடை. ஐந்து வயது, முகம் நிறையக் கண். அந்த வயதில் நானெல்லாம் பேசிய பேச்சில் எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தார். ஆவுடைக்கு ஒரே ஒரு சொல்தான் தெரிந்திருந்தது.

"அது..." என்றாள்.

நின்றேன்.

"அது..." என்று மறுபடியும் சொல்லி, கட்டத்தின் மூலையில் இருந்த பந்தைப் பார்த்தாள். பார்த்தால் போதும், வந்துவிடும் என்பதுதான் அவள் அறிந்த உலகம். பந்து வரவில்லை. மிஷினும் அசையவில்லை. உதடு பிதுங்கி, அவள் அழுத அழுகை இருக்கிறதே, மணிமுத்தாறு அணையில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கே பந்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கை துடித்தது. ஜெபக்கனி தலையை ஆட்டினாள். கூடாது.

மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் வராது. வாயைத் திறந்து பாதியில் நிறுத்தி, சட்டையைக் குனிந்து பார்க்கும். மீதியைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

ஆவுடை தினமும் வந்தாள், தினமும் அழுதாள். முந்தின நாள் மழை பெய்து முற்றத்தில் சேறு தேங்கியிருந்த ஒரு காலையில், எனக்கு முன்னால் வந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"மிஷினு, கீழ உக்காரு."

சேற்றுக்குள் உட்கார்ந்தேன், தொப்பென்று. தெறித்த சேற்றில் காக்காய்கள் திசை மாறின. ஒரு கணம் அந்தக் குழந்தை திகைத்து நின்றது. பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு அரசாங்கம் எனக்குத் தனி ஓய்வூதியம் தர வேண்டும். தான் சொன்ன ஒரு முழு வாக்கியத்தால் உலகத்தில் ஒரு ஆள் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்! அன்று முழுக்க என்னை உட்கார வைத்தாள், எழுப்பினாள், உட்கார வைத்தாள். முழங்கால் துரு பூராவும் உதிர்ந்துவிட்டது.

அதன்பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு போடச் சொன்னார்கள். டம்ளர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லாததால் சாறு முழுவதும் என் வேட்டியில் போனது. சீனியைப் போடு என்றார்கள், எதில் என்று சொல்லவில்லை, தலையில் போட்டுக்கொண்டேன். எறும்புகள் என்னோடு வீடுவரை வந்தன. ஜெபக்கனி ஒரு வார்த்தை திருத்தமாட்டாள். "எங்க பிசகுன்னு பாருங்க," என்பாள், அவ்வளவுதான். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிப் பார்த்து, பிசகைப் பிடித்துவிடும்.

"திரும்பத் திரும்பக் கைதட்டு" என்றான் ஒரு பயல். அவனுக்கு எச்சில் வற்றி, "நிறுத்து" என்று சொல்ல வேண்டும் என்பது உறைக்கும்வரை தட்டினேன். அடுத்த நாள் அதே பயல், "டீச்சர் மணியடிக்கிற வரைக்கும் கைதட்டு" என்றான். டீச்சரைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிபந்தனை என்றேனே, அது இப்போதுதான் வந்தது.

ஊகி கொண்டுவருவதைப் பிள்ளை எத்தனை தடவை ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு ஒத்திசைவு எண் என்று பெயர். நூற்றுக்கு எண்பது இருந்தால் ஆரோக்கியமான பிள்ளை. குறைந்தால், முதல் வகுப்பில் எந்தப் பள்ளியும் சேர்க்காது. எங்கள் பிள்ளைகளின் எண் மளமளவென்று சரியத் தொடங்கியது. ஆவுடையின் அம்மா வேணி ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், என்ன செஞ்சீய எம்பிள்ளையை? ஊகி பால் கொண்டாந்து வச்சா, 'நான் கேக்கலையே'ங்கா. சிவப்புச் சட்டை எடுத்து வச்சா, 'ஏன் சிவப்பு?'ங்கா. தொண்ணூத்தஞ்சுல இருந்த பிள்ளை டீச்சர், இப்ப நாப்பது!"

"பேசுதாளா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

வேணி திணறினாள். "பேசுதா. நேத்து ராத்திரி அவ அப்பாவை உக்கார வச்சு ஒரு கதை சொன்னா. அவரு அழுதுட்டாரு." டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்காக, பள்ளிக்கூடத்துல எடம் இல்லாமப் போயிருமே டீச்சர்?"

ஆணையத்திலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளைச் சோதிப்பார்; எண்பதுக்குக் கீழே இருந்தால், நிபந்தனைப்படி வகுப்பை மூடுவார். பிள்ளைகள் நாள் முழுக்கப் பொத்தானோடு இருந்து குணமாக வேண்டும்.

என் பழைய ஆபீஸ் மூளை வேலை செய்தது. "இதுக்கு ஏன் கலங்குத? அன்னைக்கு ஒருநாள் மட்டும், ஊகி எதைக் கொண்டாந்தாலும் வாங்கிக்கிடுங்கன்னு பிள்ளைகள்ட்ட சொல்லிருவோம். சோலி முடிஞ்சுது."

"மாட்டேன் அண்ணாச்சி," என்றாள். "இப்பதான் தனக்கு என்ன வேணும்னு சொல்லப் படிச்சிருக்கு. அதை நானே மறைக்கச் சொல்லிக் குடுக்கவா? மூடுனா மூடட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. சீருடை போட்ட ஒரு படையே எதிரே வந்தாலும் இவள் இப்படித்தான் நிற்பாள் என்று தெரிந்ததும் கோபம் பெருமையாக மாறிவிட்டது. வெளியே சொல்லவில்லை.

அதிகாரி தாமரைக்கண்ணன் வந்தார். நாற்பது வயது, இஸ்திரி கலையாத மனிதர். காலர் பட்டையில் ஊகி பளபளத்தது. "இங்கே டீச்சர்..." என்று அவர் தொடங்க, காலரிலிருந்து அவர் குரலே, "ஜெபக்கனி அவர்கள் யார்?" என்று முடித்தது. "பிள்ளைகளை..." என்றார். "வரிசையாக அமரச் செய்யுங்கள்," என்றது காலர். அவருக்கு அது நடப்பதே தெரியவில்லை. நிழலை யார் கவனிப்பார்கள்?

அன்று பெற்றோர் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஊகி மாட்டப்பட்டது. அறையின் ஒரு பக்கம் தட்டு நிறையப் பொம்மைகள், பழங்கள். நடுவில் ஒரு சின்னத் தானியங்கி வண்டி. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ஊகி கணிக்கும், வண்டி போய் எடுத்துவரும், பிள்ளை ஏற்றுக்கொண்டால் அதிகாரி கையில் இருந்த பலகையில் எண் ஏறும்.

முதல் பிள்ளை உட்கார்ந்தது. வண்டி வாழைப்பழம் கொண்டுவந்தது. வாங்கிக்கொண்டது. பம்பரம். வாங்கிக்கொண்டது. எண் தொண்ணூற்றெட்டு. ஜெபக்கனி என்னை முறைத்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்: தாயே, நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பிள்ளை, தொண்ணூற்றொன்பது. கைதட்டல் பயல் உட்கார்ந்ததும் வண்டி மேளத்தைக் கொண்டுவந்தது, திரும்பக் கொண்டுபோய் வைத்தது, கொண்டுவந்தது, வைத்தது. பயல் எதையும் மறுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் சரியான கணிப்பு என்று பலகை பாராட்டியது. பெற்றோர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் ஆவுடை. அவள் நூறு வாங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். வண்டி ஒரு மர யானையை எடுத்துக்கொண்டு, அதிகாரியை மூன்று முறை வலம்வந்து, அவருடைய பளபளக்கும் ஷூவின் மேல் யானையை இறக்கி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டது.

தாமரைக்கண்ணன் குனிந்து யானையைப் பார்த்தார். "பாப்பா, இது..." காலர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கே ஊகிக்க முடியவில்லை. "இதை யாரு வைக்கச் சொன்னா?" என்று அவரே முடிக்க வேண்டியதாயிற்று.

"நான்தான்," என்றாள் ஆவுடை. "ஊகியும் மிஷினுதான சார். மொதல்ல நாங்க எதையாவது பாத்தா அது என்னத்தையாவது கொண்டாரும். வீட்டுல வச்சுச் சோதிச்சுப் பாத்தோம். ஒரு சாமானை மட்டும் நல்லாப் பாத்து, மூச்சை இழுத்து விட்டா, அதையே கொண்டாருது. அப்புறம் வேற எடத்தைப் பாத்தா, அங்க கொண்டு வைக்கிது. பிசகுனா முதல்ல இருந்து." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப நாங்க மொதல்ல யோசிச்சிருவோம். அப்புறந்தான் பாப்போம்."

"அப்ப நூறு..."

"நாங்க சொன்னதை அது செஞ்சிருக்கு. அதான் நூறு."

சுவரோரம் நின்ற வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபக்கனி மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நெஞ்சு விம்மியதில் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. சத்தியமாக இரண்டு. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது! பிள்ளை மிஷினுக்கு அடங்கினாலும் நூறு, மிஷின் பிள்ளைக்கு அடங்கினாலும் நூறு. இத்தனை ஆண்டுகளாக ஊரே அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறது. இதை எங்கள் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை, எனக்கே தெரியாதே!

அதிகாரியின் முகம் வெளிறியது. "அப்படீன்னா இந்த வகுப்பை..." என்றார்.

"இன்றோடு மூட உத்தரவிடுகிறேன். இந்தப் பிள்ளைகள் கண்காணிப்பில் வைக்கப்படுவார்கள்," என்றது காலர், அவர் குரலில், தெளிவாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். வேணி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். எனக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக, சொல்லாத ஒன்றைச் செய்ய வேண்டும் போல இருந்தது. அந்தக் காலரை இழுத்து மென்று துப்பியிருப்பேன். அதற்குள் அம்மாவின் இடுப்பிலிருந்து ஆவுடை கேட்டாள்.

"சார், அதைச் சொன்னது நீங்களா, அதுவா?"

"நான்தான்..." என்றார். உடனே, "அது..." என்றார். நிறுத்தினார். கை தானாகக் காலருக்குப் போனது.

"கழட்டுங்க," என்றாள் ஆவுடை. "கழட்டுனீங்களா? யார் கையிலயாவது குடுங்க. இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க."

தாமரைக்கண்ணன் கழற்றினார். என் உள்ளங்கையில் வைத்தார். சின்னப் பொத்தான், வெதுவெதுப்பாக இருந்தது. நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இந்த வகுப்பை..." என்றார்.

எல்லோரும் காத்திருந்தோம். பெரியவர்களுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. நாலு பேர் அவருக்காக வாயை அசைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வாக்கியம் வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அவர் நெற்றியில் வேர்த்தது. வாயைத் திறந்தார், மூடினார். வெற்றுக் காலரைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு ஒரு பையன்," என்றார் கடைசியில். கரகரத்த குரல், சற்று முன்பு கேட்ட குரல் இல்லை. "ஏழு வயசு. எண் தொண்ணூத்தொன்பது. இதுவரைக்கும் என்னை... என்னை ஒரு தடவைகூட முழுசாக் கூப்பிட்டதில்லை. அப்பான்னு சொல்றதுக்குள்ள நான் பக்கத்துல வந்துடறேன். அது என்னை வரவச்சிடுது." உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். "இந்த வகுப்பு நடக்கட்டும். அவனைக் கூட்டிக்கிட்டு வரலாமா, டீச்சர்?"

ஜெபக்கனி, மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் உள்ளவள், தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆவுடைதான் சொன்னாள்.

"கூட்டிக்கிட்டு வாங்க சார். முத நாளு அழுவான். நீங்க ஓடி வரக் கூடாது. வாசல்லயே நில்லுங்க. அவன் கூப்பிட்டா மட்டும் வாங்க."